மேடையில் வசனம் இல்லாதவர்களுக்குக் கைவேலை கொடுங்கள்

பாடசாலை நாடகத்தில் வசனமில்லாமல் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறிய கைவேலை கொடுங்கள். முக்கியமான வசனம் வரும்போது எல்லாக் கைகளும் நின்றுவிட வேண்டும். "இயல்பாக நில்" என்று ஒத்திகை முழுவதும் கத்தும் சிரமம் மிச்சமாகும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். கணக்கப்பிள்ளையும் ஒரு பெண்ணும் நிறை குறைந்ததைப் பற்றி வாதாடுகிறார்கள். பின்னால் ஒருத்தி கூடையிலிருந்து முற்றல் இலையைப் பொறுக்கட்டும், இன்னொருத்தி இடுப்பில் கட்டிய முரட்டுத் துணியான படங்கை அவிழ்த்து இறுக்கட்டும். சும்மா நிற்கும் பிள்ளை, சபையில் அம்மா எங்கே என்று தேடும். கை வேலையில் இருந்தால் கண்ணும் அங்கேயே இருக்கும். ஒரே சீராக நடக்கும் சிறு அசைவு பார்ப்பவருக்குப் பழகிப்போய்ப் பின்னணியாகிவிடுகிறது. அது திடீரென நிற்கும்போதோ, பேசுபவர்மீது கவனம் தானாகத் திரும்புகிறது. வேலையில் சத்தமும் சிரிப்பும் கூடாது. கைதட்டல் வாங்க ஆசைப்பட்டு அசைவைப் பெரிதாக்கும் ஒரு சுட்டிப் பையன் எல்லாக் குழுவிலும் இருப்பான். அவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையே நல்லது.

மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு இது பொருந்தாது. திறந்தவெளியில், சுற்றிலும் சனம் நிற்க, தப்பு மேளமும் பாட்டும் ஆட்டமும்தான் அங்கே கண்ணை இழுக்கின்றன. விரல்நுனி வேலை எவருக்கும் தெரியாது. ஒருவர் மட்டும் நெடுநேரம் அழுது பேசும் காட்சியிலும் மற்றவர்களை உள்ளே அனுப்பிவிடுவதே மேல்.