ஒலித்தொகுப்பின் நடுவே என்விடிஏ பேசாமல் போனால்

ஆடாசிட்டி, ரீப்பர் போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் என்விடிஏ திடீரென வாயை மூடிக்கொண்டால், அந்தத் திரைவாசிப்பானை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவத்தான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. பெரும்பாலும் அது வீண் வேலை. என்விடிஏ பேசிக்கொண்டுதான் இருக்கும்; அதன் பேச்சு வெளியே வர வேண்டிய ஒலிச்சாதனத்தைத் தொகுப்பு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும்.

ஆயினும் எளிய காரணங்களை முதலில் விலக்கிவிட வேண்டும். விண்டோஸ் விசையுடன் டி விசையை அழுத்தி டெஸ்க்டாப்புக்குச் சென்று அம்புக்குறிகளை அழுத்திப் பாருங்கள். அங்கே பேச்சு கேட்டு, தொகுப்பு மென்பொருளுக்குள் மட்டும் கேட்கவில்லை என்றால், அந்த மென்பொருளில் மட்டும் என்விடிஏவைப் பேசாமல் வைக்கும் உறக்கநிலை இயங்கியிருக்கலாம். அந்தச் சாளரத்துக்குத் திரும்பி இன்சர்ட், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது விலகும். எங்குமே பேச்சு இல்லை என்றால், பேச்சுநிலை மாறியிருக்கிறதா என்று பார்க்க இன்சர்ட்டுடன் எஸ் விசையை ஒவ்வொரு முறையும் சற்று இடைவெளி விட்டு அழுத்துங்கள். விரல் தவறி இவ்விரண்டையும் அழுத்திவிடுவது குறுக்குவிசைகளாலேயே வேலை செய்பவர்களுக்குப் புதிதல்ல.

இவற்றால் பயனில்லை என்றால், கண்ட்ரோல் எஸ் அழுத்திக் கோப்பைச் சேமித்துவிட்டு, ஆல்ட் எஃப்4 கொண்டு தொகுப்பு மென்பொருளை மூடிப் பாருங்கள். சேமிக்காமல் மூடினால், சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கும் பெட்டி ஒலியில்லாமலே வந்து நிற்கும். அதற்கு இருட்டில் பதில் சொல்ல நேர்வது நல்லதல்ல. மூடியவுடன் பேச்சு திரும்பினால், சிக்கல் ஒலிச்சாதனத்தில்தான் என்பது உறுதி.

விண்டோஸில் பல மென்பொருள்களின் ஒலிகள் வழக்கமாக ஒன்றாகக் கலக்கப்பட்டே சாதனத்துக்குப் போகின்றன. ஆனால் விண்டோஸின் ஒலி இணைப்பு முறையான வாசபியில் ஒரு மென்பொருள் சாதனத்தைத் தனக்கு மட்டும் என்று கேட்டுப் பெற முடியும். அப்போது மற்றவற்றின் ஒலி நின்றுவிடும். ஆசியோ டிரைவர்களோ விண்டோஸின் கலவையைச் சுற்றிக்கொண்டு நேரடியாகச் சாதனத்துடன் பேசுபவை. அவற்றுள் சில, ஆசியோ4ஆல் உட்பட, வேறு எதற்கும் இடம் தருவதில்லை.

வாசபியால் வந்த சிக்கலைத் தீர்ப்பது சுலபம். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, mmsys.cpl என்று தட்டச்சிட்டு என்டர் அழுத்துங்கள். சாதனத்தைத் தேர்ந்து, அதன் பண்புகளில் உள்ள அட்வான்ஸ்டு பக்கத்துக்குச் சென்று, மென்பொருள்கள் தனியுரிமை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் பெட்டியில் உள்ள குறியை நீக்குங்கள். ரீப்பரிலேயே வாசபியின் பகிர்வு முறையைத் தேர்ந்தாலும் போதும். ஆசியோவை இந்தப் பெட்டி கட்டுப்படுத்தாது. ரீப்பரின் ஆடியோ அமைப்புகளில், அது செயலற்றிருக்கும்போது சாதனத்தை விட்டுவிடச் சொல்லும் விருப்பம் ஒன்று உண்டு; ஆனால் வேறு சாளரத்துக்குப் போனால்தான் பேச்சு திரும்பும் என்பதால், என் கணிப்பில் அது அரைகுறைத் தீர்வுதான்.

நிலையான தீர்வு, பேச்சுக்கும் இசைக்கும் தனித்தனிச் சாதனம் ஒதுக்குவதே. இன்சர்ட், கண்ட்ரோல், யு அழுத்தினால் என்விடிஏவின் ஆடியோ அமைப்புகள் திறக்கும். அதில் வெளியீட்டுச் சாதனமாக மடிக்கணினியின் சொந்த ஒலியைப் பெயர் சொல்லித் தேர்ந்துவிட்டு, ரீப்பருக்கு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை (வெளியே இணைக்கும் ஒலிக்கருவியை) கொடுங்கள். பழைய பதிப்புகளில் இது இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் திறக்கும் பேச்சுப்பொறிப் பெட்டியில் இருக்கும். ஆடாசிட்டியில் ஒலிக்கும் சாதனத்தை ஷிஃப்ட் ஓ விசையாலும், ஹோஸ்ட்டை (வாசபி போன்ற ஒலி இணைப்பு முறையை) ஷிஃப்ட் எச் விசையாலும் மாற்றலாம். கணினியில் ஒலிப்பதையே வாசபி லூப்பேக் வழியாகப் பதிவு செய்பவர்களுக்கு இந்தப் பிரிவினை கட்டாயம். இல்லாவிட்டால் என்விடிஏவின் பேச்சும் சேர்ந்தே பதிவாகும். மைக்கில் பதிவு செய்யும்போது பேச்சை ஸ்பீக்கரில் விடாமல், மடிக்கணினியில் செருகிய இயர்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்பது நல்லது.

பேச்சு முற்றிலும் நிற்காமல் விட்டுவிட்டு வந்தால், பஃபர் அளவை, அதாவது கணினி ஒருமுறைக்கு எடுத்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவைப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 64 மாதிரிகள் என்பது சுமார் 1.3 மில்லிநொடிதான், பல ஒலி விளைவுகளை (எஃபெக்ட்) ஏற்றிய கணினி அதற்குள் வேலையை முடிக்கத் திணறும். நேரடிப் பதிவு இல்லாதபோது 512 ஆக உயர்த்தினால் ஏறத்தாழ 10.7 மில்லிநொடி கிடைக்கும். புளூடூத் ஹெட்செட்டில் பதிவைத் தொடங்கியதும் பேச்சு தொலைபேசிக் குரல்போல் மங்கினால், மைக் திறந்ததால் ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறிவிட்டது என்று பொருள். வேறு மைக்கைத் தேர்வதே வழி.

இதற்கு நேர்மாறாக, என்விடிஏ பேசும்போதெல்லாம் பாடலின் ஒலி தாழ்ந்தால், அதன் ஒலித்தாழ்த்தல் வசதி இயங்குகிறது. இன்சர்ட், ஷிஃப்ட், டி விசைகளை அழுத்தி, தாழ்த்தல் வேண்டாம் என்ற நிலை வரும்வரை மாற்றுங்கள். அந்த வசதி இயங்கும்போது காதால் கேட்டு ஒலியளவை நிர்ணயித்திருந்தால், அந்த மிக்ஸை மறுபடியும் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.