என்சிசி வழியாக ராணுவ அதிகாரி: முதலாண்டிலேயே தொடங்க வேண்டிய வேலை

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். குவாலியரில் என்சிசி அதிகாரிப் பயிற்சி முடித்த நாளிலிருந்து எங்கள் கல்லூரி என்சிசி (தேசிய மாணவர் படை) பிரிவும் என் பொறுப்பு. "மேடம், என்சிசியில இருந்தா எழுத்துத் தேர்வே இல்லாம ஆர்மி ஆபீசர் ஆகலாமாமே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான், ஆகலாம். ஆனால் இந்தக் கேள்வியை முதலாண்டில் கேட்பவளுக்கும் கடைசி ஆண்டில் கேட்பவளுக்கும் நான் சொல்லும் பதில் வேறு.

ராணுவத்தில் 'என்சிசி சிறப்பு நுழைவு' என்றொரு வழி இருக்கிறது. ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். வயது 19 முதல் 25 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், என்சிசி தரும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வேண்டும். இவை இருந்தால், ராணுவ அதிகாரி ஆக மற்றவர்கள் எழுதும் சிடிஎஸ் எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்களை வடிகட்டி, நேராக எஸ்எஸ்பி (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அறிவிப்பு வருடத்துக்கு இரண்டு முறை ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வரும். கடைசி ஆண்டில் படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் 'சி' சான்றிதழில் இருக்கிறது. முதலில் 'பி' சான்றிதழ், அப்புறம்தான் 'சி' சான்றிதழ். இரண்டுக்கும் 75 சதவீத பரேடு வருகையும் கேம்பும் கட்டாயம். இரண்டாம் ஆண்டில் ஆசை வந்து சேர்ந்தால் பட்டம் முடிவதற்குள் 'சி' கைக்கு வராது. ஆகவே கல்லூரி திறந்ததும் உங்கள் என்சிசி அதிகாரியைத் தேடிப் போய்ப் பெயர் கொடுங்கள். அரியர் வைக்காதீர்கள். கேம்பில் ஓடியாடிக் களைத்து வரும் பிள்ளைகள் செமஸ்டரில் கோட்டை விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. பட்டப்படிப்பில் 50 சதவீதம் இல்லையென்றால் 'சி' சான்றிதழில் 'ஏ' கிரேடு வாங்கியும் பயனில்லை.

இனி எஸ்எஸ்பி. போபால், பெங்களூரு, பிரயாக்ராஜ் போன்ற ஊர்களில் ஐந்து நாள் நடக்கும். முதல் நாள் ஸ்க்ரீனிங். மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு குழுவாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். நிறைய பேர் அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தங்குபவர்களுக்கு உளவியல் சோதனைகள்: 60 சொற்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் மனதில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். பிறகு 60 சூழ்நிலைகளில் என்ன செய்வீர்கள் என்று அரை மணி நேரத்தில் எழுத வேண்டும். யோசித்து நடிக்க நேரமே இராது. நீங்கள் நிஜமாக எப்படிப்பட்டவரோ அதுதான் தாளில் விழும்.

அதனால்தான் கோச்சிங்கில் மனப்பாடம் செய்த பதில்களை நான் நம்புவதில்லை. பத்து நாள் கேம்பில் சாப்பாட்டு வரிசையைச் சரிசெய்தவள், காய்ச்சல் வந்த கூடாரத் தோழியைப் பார்த்துக்கொண்டவள், கலைநிகழ்ச்சிக்கு வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தவள்: இவளுக்கு எழுத விஷயம் இருக்கும். நேர்முக அதிகாரியும் அதைத்தான் கிளறிக் கிளறிக் கேட்பார். கேம்பில் என்ன பொறுப்பு, யாருடன் சண்டை, எப்படித் தீர்த்தாய் என்று. ஒவ்வொரு கேம்ப் முடிந்ததும் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் கேடட்கள் எல்லோரிடமும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

மைதானத்தில் பலகை, கயிறு, கட்டை கொடுத்துக் குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். சத்தமாகப் பேசுவது தலைமை ஆகாது. நல்ல யோசனை சொல்லி, அடுத்தவர் சொன்னதையும் காதில் வாங்கினால் போதும்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். அலங்காரம் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். தினமும் செய்தித்தாளில் ஒரு செய்தியை எடுத்து, மூன்று நிமிடம் நின்று பேசிப் பழகுங்கள். எஸ்எஸ்பியிலும் மூன்று நிமிடப் பேச்சு உண்டு. உங்கள் என்சிசி பட்டாலியனில் பயிற்சி தரும் ராணுவ ஹவில்தார், சுபேதார்களிடம் இந்தியும் கொஞ்சம் பேசிப் பழகலாம். பயிற்சிக்குப் போனதும் கைகொடுக்கும்.

பல், கண், எடை மூன்றையும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எஸ்எஸ்பி தேறி, மருத்துவப் பரிசோதனையில் தகுதி இல்லாமல் போவது பெரிய வேதனை.

தேர்வானால் சென்னை பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. முடித்ததும் லெப்டினன்ட். இது குறுகிய காலப் பணி: பத்து வருடம், விரும்பினால் மேலும் நான்கு. "பொண்ணு பாதியில வந்துட்டா?" என்று தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண்களுக்கும் நிரந்தரப் பணிக்கு வழி திறந்திருக்கிறது.

இந்த நுழைவில் இடங்கள் குறைவு. ஆகவே கடைசி ஆண்டில் சிடிஎஸ் தேர்வுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். எஸ்எஸ்பியில் ஒருமுறை கிடைக்கவில்லை என்றாலும் வயது இருக்கும்வரை அடுத்த அறிவிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். 'சி' சான்றிதழ் எங்கேயும் போகாது.