மேனர் என்பது கிராமமும் இல்லை, பங்களாவும் இல்லை

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் பழைய வரலாற்றைத் தோண்டுகிறவர்கள் முதலில் கேட்பது, “இந்த ஊர் யாருக்குச் சொந்தமாக இருந்தது?” என்றுதான். அங்கேயே பாதி வழி தப்பிவிடுகிறது. 1066-இல் நார்மன்கள் வென்ற பிறகு, சட்டப்படி நிலம் அத்தனையும் அரசருடையது. மற்றவர்கள் அவரிடமிருந்தோ, அவரிடம் பெற்றவரிடமிருந்தோ வாங்கி அனுபவித்தவர்கள். ஒரே வயலில் அரசருக்கு ஓர் உரிமை, பெரும் பிரபுவுக்கு ஒன்று, மேனர் பிரபுவுக்கு ஒன்று, உழுகிற குடியானவருக்கு ஒன்று. மேனர் என்பது இதில் நடுவில் வரும் ஓர் உரிமைத் தொகுப்பு: பிரபுவின் சொந்தப் பண்ணை, குடிகள் கட்டும் வாடகை, அவர்கள் செய்ய வேண்டிய வேலை, மேய்ச்சல் வெளி மீதான அதிகாரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரபுவின் பெயரில் கூடும் ஒரு நீதிமன்றம்.

அதனால் மேனரையும் பாரிஷையும் ஒன்றாக நினைப்பதுதான் இங்கே பெரிய சறுக்கல். பாரிஷ் திருச்சபையின் எல்லை. ஞானஸ்நானம், அடக்கம், விளைச்சலில் பத்தில் ஒன்றாகத் திருச்சபைக்குக் கட்டும் தசமபாகம் எல்லாம் அதன் கணக்கு. மேனர் பிரபுவின் எல்லை. இரண்டும் அச்சாகப் பொருந்திய ஊர்கள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்டு மேனர் பல பாரிஷ்களைத் தாண்டிப் பரந்து கிடந்தது. அதே யார்க்‌ஷயரில், பின்னாளில் ஆளில்லாமல் போன வாரம் பெர்சி என்ற சின்னக் கிராமத்தில் ஒரு காலத்தில் இரண்டு மேனர்கள். ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணம் தேடினால் பாதி கிடைக்காது. எந்தெந்த மேனர் அந்த பாரிஷுக்குள் நுழைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கென்றே பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் மேனர் ஆவணங்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது.

ஊரில் ‘மேனர் ஹவுஸ்’ என்று பலகை தொங்கும் வீடும் சாட்சி ஆகாது. விக்டோரியா காலத்தில் வசதி வந்த யாரோ ஆசைப்பட்டு வைத்த பெயராக இருக்கலாம். மேனர் பிரபு என்றால் பட்டம் பெற்ற பிரபு என்பதும் அப்படித்தான். ஒரு விதவை, ஒரு மடாலயம், லண்டன் வியாபாரி, யாரும் இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கக்ஸம் கிராமத்தின் மேனர் பிரபு யார் தெரியுமா? மெர்ட்டன் கல்லூரி!

டூம்ஸ்டே புத்தகத்தை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1085 கிறிஸ்துமஸுக்கு க்ளோஸ்டரில் வில்லியம் மன்னர் உத்தரவிட்டு, 1086-இல் எடுத்த நிலக் கணக்கு அது. அதை மக்கள்தொகைக் கணக்காகப் படிப்பவர்கள், “ஊரில் 20 பேர்தான் இருந்தார்கள்” என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணியது பெரும்பாலும் குடும்பத் தலைவர்களை மட்டும். அதில் சொல்லும் ‘மதிப்பு’ நிலத்தின் விலை அல்ல, பிரபுவுக்கு ஓர் ஆண்டில் வரக்கூடிய வருமானம். புத்தகத்தில் ஊர்ப் பெயர் இல்லையென்றால் அப்போது ஊரே இல்லை என்றும் ஆகாது. பக்கத்துப் பெரிய மேனரின் கணக்குக்குள் அது அடங்கிப் போயிருக்கலாம்.

மேனர் நீதிமன்றப் பதிவுகளுக்கு வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும், நல்ல விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. குடியானவர்களில் பலருக்குத் தனியாகப் பத்திரம் கிடையாது. நீதிமன்றச் சுருளில் எழுதியதன் நகல்தான் அவர்கள் கையில் இருந்த ஆதாரம். அதனாலேயே அந்த அனுபோகத்துக்குக் காப்பிஹோல்ட் என்று பெயர். அப்படிப்பட்டவர் நிலத்தை விற்க நினைத்தால் வாங்குபவரிடம் நேராக எழுதிக் கொடுக்க முடியாது. நீதிமன்றத்தில் பிரபுவின் காரியஸ்தர் முன்னால் நின்று, ஒரு கோலை அவர் கையில் கொடுத்து, “இன்னாருக்காக என் நிலத்தைப் பிரபுவிடம் ஒப்படைக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். காரியஸ்தர் கோலை வாங்குபவரிடம் நீட்டுவார். அவர் நுழைவுக் கட்டணம் கட்டுவார், எழுத்தர் சுருளில் ஏற்றுவார், முடிந்தது.

இதில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, “பிரபு ஏழையின் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்” என்று கண்ணீர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடுங்கியதும் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வரி அதைச் சொல்லவில்லை. ஒப்படைத்தல் எல்லாம் விற்பனையும் அல்ல. குறிப்பிட்ட நாளுக்குள் பணம் திரும்பினால் ரத்து என்று நிபந்தனை இருந்தால் அது அடமானம். ‘உயிலின் பயனுக்காக’ என்று இருந்தால், நிலத்தை உயிலில் எழுதிவைக்க அவர் செய்துகொண்ட ஏற்பாடு. 1815-இல் சட்டம் மாறும் வரை அப்படிச் செய்தாக வேண்டும். ஒப்படைத்த மனிதர் அதன் பிறகும் பல வருஷம் அதே நிலத்தை உழுதுகொண்டிருப்பார்.

வாரிசு விஷயத்திலும் மூத்த மகன்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு வம்சாவளி போட வேண்டாம். சில மேனர்களின் வழக்கப்படி கடைசி மகனுக்குப் போகும். கென்ட் பகுதியில் மகன்களுக்குச் சமபங்கு.

தேதியும் காலை வாரும். 1752-க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஆவணத்தில் 1699 பிப்ரவரி 10 என்று இருந்தால் நம் கணக்கில் 1700. இதைக் கவனிக்காமல், அப்பா இறப்பதற்குப் பத்து மாதம் முன்பே மகன் நிலத்துக்கு வாரிசானதாகக் கதை எழுத நேரும். 1733 வரை பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தசமபாகத்தைப் பணமாகக் கட்ட வழி செய்த 1836 சட்டத்துக்குப் பிறகு வரைந்த தசமபாக வரைபடங்கள் அருமையானவை. ஒவ்வொரு வயலுக்கும் எண், பெயர், பரப்பு, நில உடைமையாளர், அனுபவிப்பவர் எல்லாம் உண்டு. ஆனால் ‘உடைமையாளர்’ பத்தியில் காப்பிஹோல்ட்காரரும் நீண்டகாலக் குத்தகைதாரரும் வருவார்கள். அதை முழு உரிமைக்குச் சான்றாக நீட்டக் கூடாது. வேலியின்றி ஊரார் துண்டு துண்டாகப் பங்கிட்டு உழுத பொது வயல்கள் எல்லாம் நாடாளுமன்றச் சட்டத்தால் 18-ஆம் நூற்றாண்டில்தான் வேலி கண்டன என்பதும் அரைகுறை. பல பாரிஷ்களில் அதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் உடன்பாட்டிலோ பிரபுவின் பிடிவாதத்திலோ வேலி விழுந்துவிட்டது. நாட்டிங்காம்‌ஷயரின் லாக்ஸ்டனில் இன்றுவரை திறந்த வயல்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றைக் கவனிக்க மேனர் நீதிமன்றமும் அங்கே கூடுகிறது.

1926 ஜனவரி 1-இல் காப்பிஹோல்ட் ஒழிந்ததும் மேனர் கதை முடிந்தது என்று நினைப்பது கடைசித் தவறு. குடியானவர் நிலத்துக்கு முழு உரிமையாளர் ஆனார், சரி. ஆனால் அடியில் இருக்கும் கனிமம், மேலே வேட்டை போன்ற உரிமைகள் பல இடங்களில் பிரபுவிடமே நின்றன. பதிவு செய்யாமலே அவை செல்லுபடியாகும் என்ற பழைய பாதுகாப்பு 2013 அக்டோபரில் முடியப்போகிறது என்றதும், பிரபுக்கள் அவசர அவசரமாக நிலப் பதிவகத்தில் பதிவு செய்தார்கள். சாதாரணத் தெருவில் வீடு வாங்கியிருந்தவர்களுக்கு, உங்கள் மனையில் இன்னொருவருக்கு மேனர் உரிமை இருப்பதாகப் பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது. கூச்சல் கிளம்பி, நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்து 2015-இல் அறிக்கையும் கொடுத்தது.