எண்ணிக்கை சரி, விடை தவறு: ரெடாக்ஸ் சமன்பாடுகளில் சறுக்கும் இடங்கள்

எலக்ட்ரான் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் வினைதான் ரெடாக்ஸ். அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிவதைச் சமன் செய்யச் சொன்னால், பலர் கண்ணால் பார்த்தே எண்களைப் போட்டுவிடுகிறார்கள். அப்படி வரும் ஒரு விடை இது: 2 பெர்மாங்கனேட், 3 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனி சேர்ந்து 2 மாங்கனீசு அயனி, 4 ஆக்ஸிஜன் மூலக்கூறு, 6 நீர். எண்ணிப் பாருங்கள். இருபுறமும் ஆக்ஸிஜன் அணு 14, ஹைட்ரஜன் 12, மின்சுமை +4. எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் தவறு.

எலக்ட்ரான் கணக்கைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மாங்கனீசின் ஆக்ஸிஜனேற்ற எண் (அணு எத்தனை எலக்ட்ரான் இழந்தது, பெற்றது என்று கணக்கு வைக்கும் எண்) +7இலிருந்து +2க்கு இறங்க 5 எலக்ட்ரான் வேண்டும், இரண்டுக்கு 10. ஒரு பெராக்சைடு ஆக்ஸிஜன் வாயுவாகும்போது தருவது 2தான். மூன்று சேர்ந்து 6. மீதி 4? நான்காவது ஆக்ஸிஜன் மூலக்கூறு பெராக்சைடிலிருந்து வந்திருக்க முடியாது. −2 நிலையில் இருந்த ஆக்ஸிஜனை நம்மை அறியாமலே வாயுவாக்கிவிட்டோம். சரியான எண்கள்: 2 பெர்மாங்கனேட், 5 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனி, வலப்புறம் 2 மாங்கனீசு அயனி, 5 ஆக்ஸிஜன், 8 நீர். தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு தெரியாத செறிவை அளப்பதில்) தவறான எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், பெராக்சைடின் செறிவு உண்மையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்காகத்தான் கிடைக்கும். அதனால்தான் அரை வினைகளாக, அதாவது எலக்ட்ரான் இழப்பதைத் தனியாகவும் பெறுவதைத் தனியாகவும் பிரித்து எழுதச் சொல்கிறோம், சடங்குக்காக அல்ல. இன்னொன்று: பெராக்சைடில் ஆக்ஸிஜனின் ஆக்ஸிஜனேற்ற எண் −1. பழக்க தோஷத்தில் −2 என்று போட்டால் எல்லாமே கோணலாகும்.

டைக்ரோமேட்டில் நடக்கும் தவறு எளிது. குரோமியம் +6இலிருந்து +3க்கு வருகிறது, சரி, 3 எலக்ட்ரான் என்று எழுதிவிடுவார்கள். அயனியில் குரோமியம் இரண்டு, ஆக 6. இதை மின்சுமையே காட்டிக்கொடுக்கும்: −2 மின்சுமையுள்ள டைக்ரோமேட்டோடு 14 ஹைட்ரஜன் அயனி சேர்த்து, எலக்ட்ரான் 3 போட்டால் இடப்புறம் +9, வலப்புறம் +6.

கார ஊடகம் என்று கேள்வியிலேயே இருக்கும். ஆனாலும் விடையில் ஹைட்ரஜன் அயனி அப்படியே நிற்கும். பெர்மாங்கனேட் மாங்கனீசு டைஆக்சைடாக மாறும் அரை வினையை முதலில் அமிலத்தில் இருப்பதுபோலவே எழுதுங்கள்: இடப்புறம் பெர்மாங்கனேட், 4 ஹைட்ரஜன் அயனி, 3 எலக்ட்ரான், வலப்புறம் டைஆக்சைடு, 2 நீர். அப்புறம் இருபுறமும் 4 ஹைட்ராக்சைடு சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பவர்கள் நிறைய. இடப்புறம் அவை ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து 4 நீராகும். இரண்டை அடித்துவிட்டால் இடப்புறம் 2 நீர் மிஞ்சும், வலப்புறம் 4 ஹைட்ராக்சைடு நிற்கும். மின்சுமை இருபுறமும் −4.