பைன் பலகையில் சூடு வைத்துப் படம் வரைய
பேக்கிங் பெட்டியை உடைத்து எடுத்த பைன் பலகை மலிவு, லேசு, ஆணியும் சுலபமாக இறங்கும். சூட்டுப்பேனாவால் படம் வரையும்போதுதான் பொறுமையைச் சோதிக்கும். அதன் வெளிர் ரேகை மெத்து, பழுப்பு ரேகை கெட்டி. ஒரே வேகத்தில் இழுத்தால் மெத்தில் முனை புதைந்து கருகிவிடும், கெட்டியில் வழுக்கும். சூட்டைக் குறைத்து, ஒரே கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை போங்கள். கணுப் பக்கம் போகவே வேண்டாம். பிசின் கொப்புளித்து முனையில் அப்பிக்கொள்ளும், புகை கண்ணைக் கரிக்கும். வரையும் முன் 220 நம்பர் உப்புத்தாளால் ரேகைவாக்கில் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம், பலகையில் ‘எம்.பி.’ (MB) முத்திரை இருந்தால் அதைச் சுடாதீர்கள். பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகை போட்டது. ‘எச்.டி.’ (HT) என்றால் சரி. மரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.