முதலில் விலக்கு, அப்புறம்தான் கட்டணம்: அமெரிக்கச் சட்டப்பள்ளி விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வக்கீல் படிப்புக்கு, அதாவது மூன்று வருட ஜேடி படிப்புக்கு, விண்ணப்பிக்க மட்டுமே எவ்வளவு ஆகும் என்று பல வீடுகளில் யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. எல்சாட் என்ற நுழைவுத் தேர்வுக்கு 200 டாலருக்கு மேல். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் திரட்டித் தொகுக்கும் சிஏஎஸ் சேவைக்கு இன்னொரு 200 டாலருக்கு மேல். அந்தத் தொகுப்பை, அதாவது சிஏஎஸ் அறிக்கையை, அனுப்ப, பள்ளி ஒன்றுக்கு 45 டாலர். இதற்கு மேல் பள்ளியே தன் பங்குக்கு வாங்கும் விண்ணப்பக் கட்டணம் பெரிய பள்ளிகளில் 80, 85 டாலர் வரை போகும். எட்டுப் பள்ளிகளுக்குப் போட்டால் 1,400 டாலரைத் தாண்டிவிடும். மளிகைக் கடையில் நின்று வேலை பார்க்கும் அப்பா, மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அம்மா உள்ள வீட்டுக்கு இது ஒரு மாத வாடகை.

இதில் பெரும்பகுதியைக் கட்டாமலே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எல்சாட்டை நடத்தும் எல்எஸ்ஏசி அமைப்பே குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு தருகிறது, பள்ளிகளும் தனியாகத் தருகின்றன. ஆனால் முழுத் தகுதி இருந்தும், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் கையில் இருந்த காசைக் கட்டிவிட்ட பிள்ளைகள் நிறையப் பேர். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் மேலான தவறு, முதலில் பணத்தைக் கட்டிவிடுவது. தேர்வுப் பதிவின் கடைசித் தேதி நெருங்குகிறது, இடம் போய்விடுமோ என்ற பயம், சரி இப்போதைக்குக் கட்டிவிடுவோம், அப்புறம் விலக்கு கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அட்டையைத் தேய்த்துவிடுகிறார்கள். திரும்பக் கிடைக்காது. எல்எஸ்ஏசி விலக்கு முன்தேதியிட்டு வேலை செய்யாது, அனுமதி வருவதற்கு முன் கட்டியது கட்டியதுதான். எல்சாட் பதிவு பொதுவாகத் தேர்வுக்கு ஆறு வாரம் முன்பே முடிந்துவிடும். விலக்கு விண்ணப்பத்தை அதற்கும் பல வாரம் முன்னால் போட்டிருந்தால்தான் தாள்களைச் சரிபார்த்து முடிவு சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும். இலையுதிர் காலத்தில் தேர்வு எழுதப் போகிறவர் கோடை தொடங்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். எல்எஸ்ஏசி கணக்கு திறக்க ஒரு பைசா ஆகாது. திறந்ததும் முதல் வேலை விலக்கு விண்ணப்பமாக இருக்கட்டும், தேர்வுப் பதிவுப் பக்கத்துக்கு அப்புறம் போகலாம்.

அதே சமயம் ரொம்பச் சீக்கிரம் வாங்கி வைப்பதும் தவறு. விலக்கு கிடைத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே வாங்கி வைத்துவிட்டுப் பட்டம் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்த பின் விண்ணப்பிப்பவருக்கு, பள்ளிகளுக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய நேரத்தில் அது காலாவதியாகியிருக்கும். எந்த இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளிகள் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பங்களைத் திறந்து, வர வரப் படித்து இடம் கொடுப்பவை. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, எல்எஸ்ஏசி விலக்கு கிடைத்தால் எல்லாமே இலவசம் என்று நினைப்பது. அதில் இரண்டு அடுக்கு உண்டு. முதல் அடுக்கில் வருகிறவருக்கு இரண்டு எல்சாட், சிஏஎஸ் பதிவு, ஆறு பள்ளிகளுக்கான அறிக்கை. வருமானம் சற்றுக் கூடுதலாக இருந்து இரண்டாம் அடுக்கில் வந்தால் ஒரு எல்சாட், சிஏஎஸ் பதிவு, மூன்று அறிக்கை. இரண்டிலும் லாஹப் அட்வான்டேஜ் என்ற பயிற்சிச் சந்தா ஒரு வருடத்துக்குச் சேர்ந்தே வரும். பழைய தேர்வுத்தாள்கள் நிறைய அதில் இருக்கின்றன, விலக்கு வாங்கியும் அதைத் திறந்தே பார்க்காமல் வெளியே காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டாம். ஆறு அறிக்கை என்றால் ஏழாவது, எட்டாவது பள்ளிக்கு 45 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். அதனால் பட்டியலை முன்கூட்டியே போடுங்கள், கட்டாயம் போட வேண்டிய பள்ளிகளுக்கு இலவச அறிக்கை போகட்டும்.

இவை எல்லாம் எல்எஸ்ஏசிக்குக் கட்ட வேண்டிய பணம். பள்ளி வாங்கும் விண்ணப்பக் கட்டணம் தனிக் கணக்கு. உங்களிடம் எல்எஸ்ஏசி விலக்கு இருந்தால் பல பள்ளிகள் தங்கள் கட்டணத்தையும் தானாகவே தள்ளிவிடும், விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் கடைசிப் பக்கத்தில் தொகை பூஜ்யம் என்று வரும். எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. சில பள்ளிகளில் தனிப் படிவம் உண்டு, சில பள்ளிகளில் மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் 85 டாலர் என்று காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டாதீர்கள், விட்டும் விடாதீர்கள். அந்தப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

எழுதத் தயங்குகிறவர்கள்தான் அதிகம், குறிப்பாக நம் வீட்டுப் பிள்ளைகள். காசில்லை என்று சொன்னால் குறைவாக நினைப்பார்களோ, இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். சேர்க்கை அலுவலகத்துக்கு இது அன்றாடம் வரும் கடிதம். நாலு வரி போதும்: பெயர், எல்எஸ்ஏசி கணக்கு எண், எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பது, எல்எஸ்ஏசி விலக்கு கிடைத்திருக்கிறது அல்லது குறைந்த வருமான மாணவர்களுக்கு அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகை வாங்கிப் படித்தேன் என்ற ஒரு வரி, கட்டணத்தை விலக்க முடியுமா என்ற நேரடிக் கேள்வி. குடும்பத்தின் கஷ்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டியதில்லை. இன்னொரு சுலபமான வழி, எல்எஸ்ஏசி கணக்கில் கேண்டிடேட் ரெஃபரல் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் சம்மதம் கொடுத்து வைப்பது. உங்கள் மதிப்பெண்ணையும் விவரத்தையும் பார்த்துப் பள்ளிகளே விலக்கு அனுப்பலாம், அதற்குப் பெரும்பாலும் வருமானம் பார்க்க மாட்டார்கள். ஆனால் அப்படி வருவது அழைப்புதான், இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எல்எஸ்ஏசி நடத்தும் சட்டப்பள்ளிக் கண்காட்சிகளுக்குப் போனாலும் சில பள்ளிகள் கொடுப்பதுண்டு.

சரி, வருமானக் கணக்குக்கு வருவோம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

கூட்டாட்சி அரசு வருடா வருடம் வறுமை வரம்பு வெளியிடுகிறது. 2025-க்கு ஒருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு 15,650 டாலர், நான்கு பேருக்கு 32,150 டாலர். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனி அட்டவணை. எல்எஸ்ஏசி இந்தத் தொகையை அப்படியே எல்லையாக வைப்பதில்லை, அதன் மடங்குகளை வைத்து அடுக்கு பிரிக்கிறது. அதனால் நாங்கள் வறுமைக் கோட்டுக்கு மேலேதானே இருக்கிறோம் என்று தாங்களாகவே முடிவு செய்து விண்ணப்பிக்காமல் விடுவது பெரிய தவறு. அந்த ஆண்டு எந்த மடங்கு என்பதை அவர்கள் பக்கத்தில் பார்த்து, உங்கள் வீட்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலக்குக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, கேட்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வீட்டு எண்ணிக்கையிலும் தவறு வரும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிற குடும்பங்கள் அவர்களையும் சேர்த்து ஆறு பேர் என்று எழுதிவிடுகின்றன. அந்தப் பாரம் உண்மைதான். ஆனால் அமெரிக்க வரி விதிப்படி, அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் இந்தியாவிலோ இலங்கையிலோ வசிப்பவரைச் சார்ந்தவராகக் காட்ட முடியாது. வரிப் படிவத்தில் நான்கு பேர், விலக்கு விண்ணப்பத்தில் ஆறு பேர் என்று இருந்தால் தாள் சரிபார்க்கிறவர் அங்கேயே நிற்பார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, யாருடைய வருமானம் என்ற கேள்வி. மேற்படிப்புக்கு ஃபாஃப்ஸா என்ற அரசுக் கல்வி உதவிப் படிவத்தை நிரப்பும்போது சட்டப்பள்ளி மாணவரைச் சுயசார்புள்ளவராகவே அரசு எடுத்துக்கொள்ளும், பெற்றோர் வருமானம் கேட்காது. அதை மனதில் வைத்துக்கொண்டு எல்எஸ்ஏசி படிவத்திலும் சுயசார்பு என்று அழுத்திவிட்டு, நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்த 6,000 டாலரை மட்டும் காட்டுகிறார்கள். எல்எஸ்ஏசிக்குத் தனி விதி. பெற்றோரைச் சார்ந்தவர் என்றால் பெற்றோரின் வருமானமும் தாளும் வேண்டும். வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், என் சாப்பாட்டுச் செலவை நானே பார்க்கிறேன் என்பது மட்டும் போதாது. ஆண்டுக் கடைசியில் 24 வயது நிறையாத முழுநேர மாணவரைப் பெற்றோர் தங்கள் வரிப் படிவத்தில் சார்ந்தவராகக் காட்ட வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. பல அப்பாக்கள் காட்டியிருப்பார்கள், பிள்ளைக்கே தெரியாது. விண்ணப்பிப்பதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: போன வருட வரித் தாக்கலில் என்னைக் காட்டினீர்களா? வீட்டில் வருமானத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் பழக்கம் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே அதிகம், இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டே கெடு போய்விடும்.

தாள்கள். படிவத்தை நிரப்பிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆதாரத் தாள் கேட்பார்கள், அதற்குக் கெடு உண்டு, கெடு தாண்டினால் விண்ணப்பம் விழும். வரித் துறையின் இணையக் கணக்கிலிருந்து வரித் தாக்கல் நகலை இலவசமாக எடுக்கலாம். வருமானம் குறைவு என்பதால் தாக்கலே செய்யவில்லை என்றால், தாக்கல் செய்யவில்லை என்று அதே துறை தரும் உறுதிக் கடிதம் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். டபிள்யூ-2, 1099 போன்ற வருமானப் படிவங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த, பாதிப் பக்கம் வெட்டுப்பட்ட படம் வேண்டாம், எல்லாப் பக்கமும் தெளிவாக ஒரே பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எடுத்ததும் பெயரும் ஆண்டும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நம் பெயர்கள் கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, வரித் தாளில் ஒரு மாதிரி, கல்லூரியில் தலைப்பெழுத்து விரித்து வேறு மாதிரி இருக்கும். எல்எஸ்ஏசி கணக்கில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதோடு பொருந்தாத தாளுக்கு ஒரு வரி விளக்கமும் சேர்த்து அனுப்புங்கள்.

வருமானத்தைக் குறைத்துக் காட்டலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சேர்க்கையில் பொய்த் தகவல் கொடுத்ததை எல்எஸ்ஏசி முறைகேடாக விசாரித்துப் பள்ளிகளுக்குத் தெரிவிக்கும். படித்து முடித்து மாநிலத்தின் வக்கீல் உரிம அமைப்பிடம் உரிமம் கேட்கும்போது நன்னடத்தைச் சோதனை என்று ஒன்று வரும், அதில் சட்டப்பள்ளி விண்ணப்பம் வரை தோண்டுவார்கள். சில நூறு டாலருக்காக வக்கீல் தொழிலையே பணயம் வைக்கக் கூடாது.

குடியேற்ற நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், சிறு வயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்கான டாகா பாதுகாப்பு பெற்றவர்கள் எல்எஸ்ஏசி விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்-1 மாணவர்களுக்கும், பெற்றோரின் எச்-1பி-யைச் சார்ந்து எச்-4-இல் இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வழி இல்லை. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம், பள்ளிகள் தரும் விலக்கை அவர்களும் கேட்கலாம், மேலே சொன்ன ரெஃபரல் சர்வீஸும் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணமே வாங்காத பள்ளிகளும் உண்டு.

மறுத்துவிட்டால்? முதல் மறுப்போடு விட்டுவிடுவதும் தவறுதான். மறுபரிசீலனை கேட்க வழி இருக்கிறது, கெடுவைப் பார்த்து உடனே செய்யுங்கள். போன வருட வரித் தாளில் நல்ல வருமானம் தெரிகிறது, ஆனால் இந்த வருடம் அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்றால், வேலை நீக்கக் கடிதம், வேலையின்மை உதவித் தொகை வரும் தாள் இரண்டையும் வைத்து நாலு வரியில் விளக்குங்கள். கஷ்டத்தில் இருக்கிறோம் என்று பொதுவாக எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. தேதியும் தொகையும் உள்ள தாள்தான் உதவும். கல்லூரியில் சட்டப்பள்ளிக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் ப்ரீ-லா ஆலோசகர் இருந்தால் அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். எல்சாட்டுக்குப் பதில் ஜிஆர்இ என்ற பொதுவான மேற்படிப்புத் தேர்வை ஏற்கும் பள்ளிகளும் இப்போது நிறைய. அந்தத் தேர்வுக்கும் கட்டணக் குறைப்பு உண்டு, ஆனால் பாதிதான்.

விலக்கு எட்டாத செலவுகளுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும், ஒரு கோடை மட்டும் போன கம்யூனிட்டி காலேஜ் உட்பட, சிஏஎஸ்-க்கு மதிப்பெண் பட்டியல் போக வேண்டும். அதற்குக் கல்லூரி வாங்கும் பணத்தை எல்எஸ்ஏசி தராது. சென்னையிலோ மதுரையிலோ பட்டம் வாங்கிவிட்டு இங்கே வந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு இந்த வேண்டுகோளை மாதக்கணக்கில் முன்பே அனுப்பிவிடுங்கள். இடம் கிடைத்ததும் அதை உறுதி செய்யப் பல பள்ளிகள் முன்பணம் கேட்கும், சில இடங்களில் பல நூறு டாலர். விண்ணப்பக் கட்டண விலக்கு அதைத் தொடாது. அந்த முன்பணத்தைத் தள்ளிவைக்க முடியுமா, குறைக்க முடியுமா என்று அதே சேர்க்கை அலுவலகத்திடம் கேட்கலாம், கெடு முடிவதற்கு ஒரு வாரமாவது முன்னால் கேளுங்கள்.