அம்மப்பாட தோணிக்கு ரெண்டாந்தரம் பெயின்ட் அடிச்ச கதை

மட்டக்களப்பு கல்லடில எங்கட வளவுக்க அம்மப்பாட சின்னப் பாய்த்தோணி கன வருசமா கவுந்து கிடந்திச்சு, அத திரும்ப வாவில இறக்கோணும் எண்டு எனக்குப் பெரிய ஆசை. முதல்தரம் விட்ட பிழை என்னெண்டா மாரி முடிஞ்ச கையோட பலகை காயாமலே பெயின்ட் அடிச்சது, ரெண்டு மாசத்துல கொப்புளம் கொப்புளமா எழும்பிட்டு, மரத்துக்குள்ள நிண்ட ஈரம் வெயில் பட ஆவியாகி பெயின்டத் தள்ளிட்டு.

மறுகா முழுசாச் சுரண்டினன். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதால தண்ணி தொட்டுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க, பிள்ளையளக் கிட்ட விடாதீங்க. முதல்ல 80 நம்பர் சேண்ட் பேப்பர், பிறகு அதவிட நைசான 120. கச்சான் எண்டுற காஞ்ச சூட்டுக் காத்துக்குப் பொறுத்திருந்து நிழல்ல 3 கிழமை காயவிட்டன். ஆணியால குத்திப் பாத்து, மெத்தெண்டு இறங்கின இடத்த வெட்டிட்டு புதுப்பலகை வச்சன். பின்னேரம் கச்சான் தூசி அள்ளிக் கொட்டும், அதால காலமை பனி ஈரம் போன உடன பிரைமர் எண்டுற அடிப்பூச்சு ஒரு கோட், மற்ற நாளுகள்ல எனாமல் ரெண்டு கோட், இடையில 220 ஆல லேசாத் தேய்ச்சன்.

ரெண்டு மாரி போயிட்டு, ஒரு கொப்புளமும் இல்ல. அம்மம்மா தடவிப் பாத்துட்டு, "அதே நீலம் மனே" எண்டா.